நீல விளக்கு வழக்கு

எங்கள் வீட்டில் கார்ச் சாவி கைமாறியது ஒரு சரஸ்வதி பூசை நாளில். நாளையும் கிழமையையும் குறித்து வைப்பது என் பழக்கம். தெருவில் புதுக்கடை திறந்தது, சுங்கை பினாங் ஆறு சாலைவரை ஏறி வந்தது, சந்தை முனையில் மரம் விழுந்தது எல்லாம் எங்கள் சமையலறை நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். சாவி கைமாறிய நாளை மட்டும் எழுதவில்லை. மறக்கக்கூடிய நாளாக அது இல்லை.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் கண் மருத்துவர் என் கணவரிடம் இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, அவருடைய பக்கப் பார்வை குறுகிக்கொண்டு வந்தது. நேரே இருப்பது தெரியும்; இடப்பக்கம் நுழையும் மோட்டார்சைக்கிள் தெரியாது. பினாங்கில் இடப்பக்கம் மோட்டார்சைக்கிள் நுழையாத நேரம் என்று ஒன்று கிடையாது.

என்னிடம் லைசன்ஸ் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. தவறாமல் புதுப்பித்துக் கைப்பையில் வைத்திருந்தேனே தவிர, ஓட்டியதில்லை. அவர் இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

“வண்டிய வித்துடலாம்,” என்றார் அன்று சாயங்காலம். அவருடைய பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.

“வித்துட்டு?”

“பஸ் இருக்கு. போன்ல கூப்பிட்டா டாக்சி வருது.”

“பாலிக் புலாவுக்கு எந்த டாக்சி வருவான், மழையில? நான் ஓட்டுறேங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. பயம் இருந்தது. எங்கள் மகள் பாலிக் புலாவில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே போவதும், திரும்பும்போது தீவைச் சுற்றி வருவதும்தான் இந்த மனிதருக்கு வாரம் முழுவதற்குமான மூச்சு. வண்டி போய்விட்டால் அவர் அடுக்குமாடியின் சன்னலோரத்தில் உட்கார்ந்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிபந்தனை போட்டார்.

“சரி, தைப்பூசம் வரைக்கும் ஓட்டிப் பாரு. அதுக்குள்ள ஒரு தடவ வண்டி ரோட்டுல நின்னுச்சுன்னா அதோட முடிஞ்சது. வித்துடணும்.”

ஒப்புக்கொண்டேன்.

பூசையன்று எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, தாம்பாளத்தோடு கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டார். எலுமிச்சம்பழம், கற்பூரம், மாலை, எதிலும் குறை வைக்கவில்லை. சந்தனத்தைக் குழைத்து முன்புறம் பொட்டு, ஸ்டியரிங்கில் பொட்டு. கடைசியாக உள்ளே தலையை நுழைத்து, மீட்டரின் கண்ணாடியில் கட்டைவிரல் அளவுக்குத் தடிப்பாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

“அங்க எதுக்கு அண்ணி?”

“ஓட்டுறவ கண்ணு எப்பவும் படுற இடத்துல அம்மன் இருக்கட்டும்மா. நீ புதுசு.”

அதன்பிறகுதான் நான் முதன்முறையாக அந்த இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். மீட்டர் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகப் பற்றிக்கொண்டது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

“என்னங்க, எல்லாமே எரியுது!”

“எரியத்தான் செய்யும். பேர் கூப்பிடுறாங்க. எல்லாரும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லிட்டு உக்காந்துடுவாங்க. ஸ்டார்ட் பண்ணு.”

ஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொன்றாக அணைந்தன. அவர் சொன்ன அந்த உவமை எனக்குப் பிடித்துப்போனது. எது எழுதப்பட்டிருந்தாலும் படித்துவிடும் ஆள் நான். பயணநூலும் வரலாறும் படிப்பதைப் போலவே, இத்தனை ஆண்டுகளாகக் கையுறைப் பெட்டியில் பிரிக்கப்படாமல் கிடந்த வண்டியின் கையேட்டையும் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மலாயும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் புத்தகம். அதில் சொல்லப்பட்டதன் சாரம் எளிது. சிவப்பு என்றால் இப்போதே நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடாமல் காட்டு. பச்சையும் நீலமும் வெறும் தகவல். எரிந்து அணைவது நலம். அணையாமல் நிற்பது நோய். பேர் கூப்பிடும்போது எரியாமலே இருப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். சொல்ல வேண்டிய நேரத்தில் அதனால் சொல்ல முடியாது.

படங்கள் மனத்தில் பதிய நானே பெயர் வைத்துக்கொண்டேன். என்ஜின் எண்ணெய் குறைந்தால் வருவது ஒழுகும் கூஜா. டயரில் காற்றுக் குறைந்தால் கிண்ணத்துக்குள் ஆச்சரியக்குறி. என்ஜின் சூடேறினால் அலைகளுக்கு நடுவே மூழ்கும் சாவி. எங்கள் வண்டியில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. இந்தச் சாவி விளக்கு மட்டும்தான் என்று கையேடு சொன்னது. அதே இடத்தில் நீலமாக எரிந்தால் என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது, சிவப்பாக எரிந்தால் கொதிக்கிறது. கீழே பொடி எழுத்தில், ‘வாகன வகையைப் பொறுத்து மாறலாம்’ என்றும் இருந்தது. எங்கள் மீட்டரில் அப்படி ஒரு நீலச் சாவியை நான் பார்த்ததே இல்லை. ஆகவே எங்கள் வகைக்கு அது இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வழக்கு அங்கேதான் தொடங்கியது.

“காலையில எடுக்கும்போது நீலமா ஒண்ணு எரியும். அது அணையிற வரைக்கும் வண்டிய மெரட்டாத,” என்றார் அவர், தீபாவளிச் சாமான் வாங்க லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பிய ஒரு காலையில்.

“நம்ம வண்டியில நீலம் இல்லையே.”

“இருக்கு.”

“பெரிய லைட்ட போட்டா நீலம் வரும். அதச் சொல்றீங்களா?”

“அது எனக்குத் தெரியாதா? நான் சொல்றது வேற. சாவி மாதிரி, தண்ணிக்குள்ள.”

“எந்தப் பக்கம் எரியும்?”

அவர் இரண்டு கைகளையும் காற்றில் உயர்த்தி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கைகள் மடியில் இறங்கின.

“பக்கமெல்லாம் ஞாபகம் இல்ல. எரியும், அவ்ளோதான்.”

“நீங்க முந்தின வண்டியச் சொல்றீங்க லா.”

“நீ சரியா பாக்கறது இல்ல லா.”

பினாங்கு வழக்கப்படி ‘லா’ போட்டுச் சிரித்துக்கொண்டுதான் பேசினோம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் “நீலம்?” என்று கேட்பார், நான் “இல்ல” என்பேன். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வியின் அடியில் வேறொன்று ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் தினமும் பார்த்த விளக்கு எந்தப் பக்கம் எரியும் என்று அவரால் சொல்ல முடியவில்லையே, கண்ணோடு நினைவும் குறுகுகிறதோ என்று நான் கலங்கினேன். கண்ணெதிரே எரியும் விளக்கையே பார்க்காதவள் சாலையில் எதைப் பார்ப்பாள் என்று அவர் கலங்கியிருக்கிறார். இதைப் பின்னால்தான் சொன்னார்.

தீர்ப்பு சொல்வது எளிது. அவர் ஒருமுறை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் போதும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் அந்த இருக்கையில் உட்காரவே இல்லை. பையை எடுக்கக்கூட அந்தக் கதவைத் திறக்க மாட்டார். நானும் உட்காரச் சொல்லவில்லை. வேறு யாரிடமும் கேட்கவும் இல்லை. எந்தப் பதில் வந்தாலும் எங்களில் ஒருவருக்கு வலிக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் ஈரத் துணியால் வண்டியின் உள்பக்கத்தைத் துடைப்பேன். மீட்டர் கண்ணாடியைத் துடைக்கும்போது பொட்டைச் சுற்றிக் கவனமாக வளைந்து போவேன். சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது, குங்குமம் அதில் ஊறிப் பிடித்திருந்தது. தாலி கட்டிக்கொண்ட பெண் தன் கையால் பொட்டை அழிப்பதா? மனம் அங்கே போனதே இல்லை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவும் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிறு, மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். நாத்தனார், எங்கள் பேத்திக்கான முறுக்கு டின்னோடு பின் இருக்கையில் ஏறி, இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு வந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் அவருக்குத் தலை சுற்றாதாம்.

பாயா தெருபோங்கைத் தாண்டியதும் மலைப்பாதை. கை பழகட்டும் என்று அதுவரை நான் அந்தப் பக்கம் ஓட்டியதில்லை. ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து, காலை பத்து மணிக்கு அந்தி போல இருட்டியது. வளைவுக்கு வளைவு அவர், “கியரக் கொற... இப்ப மெதுவா... ஆ, அப்படித்தான்” என்று முணுமுணுத்தபடி வந்தார். பின்னால் ஒரு லாரி மூச்சிரைத்தது.

“தம்பி! தம்பி, இங்க பாருடா!” நாத்தனார் அவர் தோளைத் தட்டினார். “அம்மன் பொட்டு ஜொலிக்குதுடா!”

“மழை வெளிச்சமா இருக்கும்க்கா. அவளப் பயமுறுத்தாத, ஓட்டட்டும்.”

“வெளிச்சமாவது! நெருப்பாட்டம் இருக்கு. சாமி சத்தியமா!”

பார்வையை ஒரு கணம் தாழ்த்தினேன். பொட்டு உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தது. வட்டமாக, ஊதிய தணலைப் போல, உள்ளிருந்து சிவந்து. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல எனக்கும் ஒரு நொடி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த நொடி கையேட்டின் பக்கம் நினைவில் விரிந்தது: வேகமானிக்கு வலப்பக்கம், கீழே, அலைகளுக்கு நடுவே சாவி.

இடப்பக்க சிக்னலைப் போட்டேன். அடுத்த வளைவுக்கு அப்பால் ஒரு டுரியான் தோப்பின் வாசலில் வண்டி ஒதுங்கும் அளவுக்கு இடம் தெரிந்தது.

“ஏன், ஏன் ஒதுக்குற? மலையில நிறுத்தாத!”

“சிவப்புங்க.”

“எங்க சிவப்பு?”

“பொட்டுக்குப் பின்னாடி.”

ஒதுக்கினேன், கைப்பிரேக்கை இழுத்தேன், என்ஜினை அணைத்தேன். லாரி ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு எங்களைக் கடந்து போனது. அவர் மழையிலேயே இறங்கி முன்மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து வந்த அனல் மழையையே விலக்கியது. ஒரு ரப்பர்க் குழாயின் கழுத்தில் குமிழ் குமிழாக நீர் கசிந்து, விழுந்த இடத்தில் சீறியது.

“கொதிக்குதே பாவம்! மூடியத் தொறந்து தண்ணி ஊத்துடா,” என்றார் நாத்தனார், குடையைப் பிடித்தபடி.

“இப்ப தொறந்தா மூஞ்சி வெந்துரும்க்கா. ஆறட்டும்.”

மழை தூறலாகக் குறைந்தது. மூவரும் தோப்பு வாசலின் தகரக் கூரைக்கடியில் நின்று முறுக்குத் தின்றோம். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிறகு நான் ஈரத்தாளை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனேன்.

“திரும்ப எடுக்கறதுக்கு முன்னாடி அந்த விளக்கு தெரியணும் அண்ணி. பொட்ட அழிக்கணும்.”

“அழிக்கறதா? நல்ல நாளும் அதுவுமா உன் வாயில அந்த வார்த்தை வரலாமா?” அவருக்கு முகமே சிவந்துவிட்டது. வைத்தவர் அவர்தானே. “தள்ளு. அழிக்க வேணாம், எடுத்துக்கலாம்.”

குடிதண்ணீர்ப் புட்டியிலிருந்து விரலில் தண்ணீர் தொட்டு, காய்ந்த சந்தனத்தை ஊறவைத்து, நகத்தால் பக்குவமாக வழித்து எடுத்தார். எடுத்ததை வீணாக்காமல் என் நெற்றியில் வைத்தார். தன் நெற்றியில் வைத்தார். மிச்சத்தைத் தம்பியின் நெற்றியில் அழுத்தினார்.

“எனக்கும் சூடு பாக்கறியாக்கா?” என்றார் அவர்.

மோட்டார்சைக்கிளில் கூடையோடு இறங்கி வந்த தோப்புக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். திறந்த முன்மூடி, மூன்று ஈரப் பொட்டுகள், முறுக்கு டின். மலாய்க்காரர்.

“அவாட், காக்?” என்றார். என்ன ஆச்சு அக்கா என்பதற்கு எங்கள் பினாங்குப் பேச்சு. பிறகு சந்தேகத்தோடு, “கெரெத்தா பானாஸ் கா, செம்பாயாங் கா?” வண்டி சூடாகிவிட்டதா, இல்லை பூசையா?

“டுவா-டுவா லா,” என்றார் என் கணவர். இரண்டும்தான். அந்த மனிதர் சிரித்துவிட்டு, இறங்கியதும் முதல் சந்திப்பில் இருக்கும் சீனர் பட்டறை ஞாயிறும் திறந்திருக்கும் என்று சொல்லிப் போனார்.

அவர் போனதும் சிரிப்பும் அடங்கியது. என் கணவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, என்னைப் பார்க்காமல் தோப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ரோட்டுல நின்னுருச்சு.”

தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. தோற்றவர் போலத்தான் சொன்னார். சன்னலோர நாற்காலி எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த நேரம் அவருக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

“நிக்கலங்க,” என்றேன். “நான் நிறுத்தினேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“எப்படி ஒண்ணாகும்? நின்னா அது வண்டியோட வேலை. நிறுத்துனா அது என் வேலை. நீங்க என்ன சொன்னீங்க? வண்டி நின்னுச்சுன்னா விக்கணும்னுதானே? நிறுத்தினா விக்கணும்னு சொன்னீங்களா?”

“இலக்கணம் பேசறா பாரு,” என்று அக்காவிடம் முறையிட்டார்.

“சரியாத்தானடா பேசறா. இன்னும் ஒரு வளைவு ஏறியிருந்தா அதுவாவே நின்னுருக்கும். அப்ப நீ வித்துருக்கலாம்.”

அவர் முன்மூடிக்குள் குனிந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர்.

“எங்க ஃபேக்டரியில மிஷின் நின்னுச்சுன்னா மெமோ குடுப்பாங்க,” என்றார். “கோளாறக் கண்டு ஆளு மிஷின நிறுத்தினா, சூப்பர்வைசர் தே தாரேக் வாங்கிக் குடுப்பாரு.”

“அப்ப எனக்கு மெமோவா, தே தாரேக்கா?”

“மொதல்ல கீழ எறக்கு. பாக்கலாம்.”

ஆறிய பிறகு துணியைப் போட்டு மூடியைத் திறந்து, இருந்த குடிதண்ணீரையெல்லாம் ஊற்றினார். உச்சி அருகில்தான் இருந்தது. அதைத் தாண்டினால் இறக்கம். மெதுவாக இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் “எரியுதா?” என்றார். ஒவ்வொரு வளைவிலும் “இல்ல” என்றேன். பின்னாலிருந்து நாத்தனாரும் எட்டிப் பார்த்து உறுதி செய்தார். பட்டறைக்காரர் குழாயை மாற்றினார். சிவப்பு எரிந்தும் ஓட்டியிருந்தால் என்ஜினையே இறக்க வேண்டி வந்திருக்கும் என்றார். பக்கத்துக் கடையில் எனக்குத் தே தாரேக் வந்தது, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர். சீனி அதிகம்.

மறுநாள் திங்கட்கிழமை காலை நான் தனியாகக் கீழே இறங்கிச் சாவியைத் திருப்பினேன். எல்லாம் எரிந்தன. ஸ்டார்ட் செய்ததும் எல்லாம் அணைந்தன, ஒன்றைத் தவிர. வேகமானிக்கு வலப்பக்கம், கீழே, தெளிவான நீலம். சந்தனமும் குங்குமமும் சிவப்பைக் கசியவிட்டு நீலத்தை விழுங்கியிருக்கின்றன. வெயிலில் நிறுத்திய வண்டியில், பேர் கூப்பிடும் அந்த ஒரு நொடியில், அந்தச் சிவப்பும் கண்ணில் பட்டிருக்காது.

இறங்கி நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டேன். சன்னலில் அவர் தலை தெரிந்தது.

“என்னங்க! நீலம்!”

“என்னது?”

“நீலம் இருக்கு! கீழ வாங்க, அணையறதுக்குள்ள!”

மூன்று மாடி இறங்கி, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நான் கதவைத் திறந்து பிடித்திருந்தேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்த இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்தார். அவருக்கு அது நேர்ப் பார்வைக்குள் இருந்தது. நன்றாகத் தெரிந்தது.

“இருக்குன்னு சொன்னேன்ல,” என்றார்.

“சொன்னீங்க.”

“நீயும் பொய் சொல்லல.”

விளக்கு அணையும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம். பிறகு அவர் இறங்கி, சுற்றிப் போய், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கைப்பேசியில் அந்த நண்பரை அழைத்தார். வண்டியை விற்கவில்லை என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

“ஓட்ட ஆள் இருக்கு லா,” என்றார்.

மழைக்காலம் முடியும்வரை அவர் கண் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போனேன், இப்போதும் நான்தான். கண்ணில் சொட்டு மருந்து விட்டுத் திரும்பும் வழியில் அவருக்கு வெளிச்சம் கூசும். முதல் இரண்டு முறை அந்தக் கூசும் கண்ணோடும் சாலையை விட்டுப் பார்வையை எடுக்காமல், இல்லாத பிரேக்கை வலக்காலால் மிதித்தபடியே வந்தார். தைப்பூசத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, கூட்டத்துக்காகச் சாலைகளில் தடுப்புகள் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜெலுத்தோங் வழியாகச் சுற்றித்தான் வீடு சேர முடிந்தது. எந்தத் தடத்தில் போகட்டும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, சீராகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வலத் தடத்தை நானே தேர்ந்தெடுத்தேன்.